நாப்பத்தஞ்சு என்ற பாட்டு

பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்புக் கூடம். ஏதோ ஒரு கம்பெனி நடத்தும் செய்தியாளர் கூட்டம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. நாங்கள் ஆறேழு நிருபர்கள் மெத்தை நாற்காலிகளில் புதைந்து காப்பிக்காகக் காத்திருந்தோம். கூரையில் எங்கோ மறைத்து வைத்த ஒலிபெருக்கியிலிருந்து வயலின்கள் வழிந்துகொண்டிருந்தன. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அப்படி வாங்க வேண்டும் என்று அதைப் போடுவதும் இல்லை.

ஒன்று முடிந்து அடுத்த இசை தொடங்கியது. முதல் நான்கைந்து சுரங்கள் வந்ததும் நான் எழுந்து நின்றேன்.

எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை. மடியில் இருந்த குறிப்பு நோட்டு தரையில் விழுந்த சத்தத்தில்தான் நிற்பதே தெரிந்தது. செருப்பைக் கழற்றியிருந்தேன். கைகள் வயிற்றுக்கு முன்னால் கோத்திருந்தன.

"என்ன சார், தேசிய கீதமா?" என்றார் பக்கத்தில் இருந்த புகைப்படக்காரர்.

"எங்க ஊர்ல இது சாவுக்கு வாசிக்கிற பாட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டல் பணியாள் ஒருவர் வேகமாக வந்து, சத்தம் அதிகமாக இருக்கிறதா, குறைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பாட்டு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன். ஒரு வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ரா வாசித்தது அது. நாற்பது வயலின்களாவது இருக்கும். எங்கள் ஊரில் ஆறே பேர் வாசித்தார்கள்.

நின்றவர்கள்

கோலார் தங்கவயலுக்கு வெளியே பிறந்தவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகளில் ஒன்றான சாம்பியன் ரீப்ஸில் ஒரு பேண்டு இருந்தது. இரண்டு கிளாரினெட், ஒரு டிரம்பெட், இரண்டு பெரிய பித்தளைக் குழல்கள், ஒரு டிரம். ஆறு பேரும் சுரங்கத் தொழிலாளிகள். கல்யாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் வாசிப்பார்கள். ஆனால் ஒரு பாட்டை மட்டும் அங்கெல்லாம் வாசிக்க மாட்டார்கள். அது சுரங்கத்தில் செத்தவர்களுக்கு. சுரங்கத் தூசு நுரையீரலில் ஏறிப் பல வருஷம் கழித்துச் செத்தவர்களுக்கும்.

சாமி கும்பிடுகிறவர் வீட்டுச் சாவுக்கு ஒரு முறை, சர்ச்சுக்குப் போகிறவர் வீட்டுக்கு ஒரு முறை, பௌத்தக் குடும்பங்களுக்கு ஒரு முறை. வீட்டிலும் அடக்கம் செய்யும் இடத்திலும் அவரவர் வழக்கம். நடுவில் உள்ள தெருவில் மட்டும் எல்லோருக்கும் அந்த ஒரே பாட்டு.

அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். தோள் துண்டு கைக்கு வரும். காலில் இருப்பதைக் கழற்றிவிடுவார்கள். சைக்கிளில் போகிறவர் இறங்கிவிடுவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

பேண்டுக்காரர்கள் அந்தப் பாட்டை 'நாப்பத்தஞ்சு' என்று அழைத்தார்கள். ஊரும் அப்படியே அழைத்தது. டாக்டர் கைவிட்ட நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறவர், "இனிமே நாப்பத்தஞ்சுதான்பா" என்பார். குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்கள், "உனக்கு நாப்பத்தஞ்சு வாசிக்கிறேன்டா" என்று கத்துவார்கள்.

என் அப்பாவுக்கும் அதை வாசித்தார்கள். சுரங்கத்தை விட்டு ஆறு வருஷம் கழித்து, மூச்சை இழுத்து இழுத்துச் செத்தார் அவர். நான் அப்போது பெங்களூரில் ஒரு நாளிதழில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தேன். தந்தி வந்து, ரயில் பிடித்து, வீட்டுக்கு வந்து, அம்மாவைப் பார்த்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து, எதற்கும் அழுகை வரவில்லை. பிழை திருத்துகிறவன் மாதிரியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் இறங்கியதும் மாசிலாமணி அண்ணனின் கிளாரினெட் அந்த முதல் சுரத்தைப் பிடித்தது. அதற்குப் பிறகு என்னை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள்.

பித்தளை வளையம்

மாசிலாமணி அண்ணன்தான் பேண்டு மாஸ்டர். வேலை, ரீப்ஸ் சுரங்கத்தின் லாம்ப் ரூமில். தலையில் மாட்டும் விளக்கை ஒவ்வொருவருக்கும் எண் பார்த்துக் கொடுத்து, ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் திரும்ப வாங்கி மாட்டி வைக்கும் அறை அது. எந்த ஆணியில் விளக்கு வரவில்லையோ அந்த ஆள் மேலே வரவில்லை. சங்கு ஊதுவதற்கு முன்பே, ஆபீசுக்குத் தெரிவதற்கு முன்பே, லாம்ப் ரூம் ஆளுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் அவருக்கு ஆட்களை எண்ணாகத்தான் தெரியும். "நானூத்திப் பன்னெண்டு நல்லா பாடுவான்", "எண்பத்தாறு பொண்டாட்டிகிட்ட அடி வாங்குறவன்" என்றுதான் பேசுவார்.

ஒரு சமயம், ஆட்கள் சுரங்கத்துக்குள் போய்வரும் கேஜை இறக்கி ஏற்றும் புதிய இயந்திரத்தைப் பூட்ட ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் குடும்பத்தோடு வந்து சில மாதம் தங்கினார். போகும்போது ஒரு பெட்டி நிறைய சாமான்களை விட்டுவிட்டுப் போனார். அதிலிருந்த இசைத்தட்டுகளை அதிகாரிகள் கிளப்பில் வேலை பார்த்த ஒருவர் பேண்டு பழகும் ஷெட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லாம் பெரிய தட்டுகள். ஒன்று மட்டும் சின்னது. அதன் நடுவில் பெரிய ஓட்டை. ஷெட்டில் இருந்த ரெக்கார்டு பிளேயரின் கம்பியில் அது நிற்கவில்லை, ஆடியது. பேண்டில் டிரம் அடித்தவர் பட்டறையில் ஃபிட்டர். அந்த ஓட்டையை அளந்து, கடைசல் இயந்திரத்தில் பித்தளையில் ஒரு வளையம் கடைந்துகொண்டு வந்தார். தட்டு அதில் மயிரிழைகூட ஆடாமல் உட்கார்ந்தது. அந்த வளையத்தை நான் பார்த்திருக்கிறேன். நகைக்கடையில் வைக்கலாம்.

அவர்களுக்குத் தெரியாமல் போனது வேகம். சின்னத் தட்டு வேகமாகச் சுற்ற வேண்டும். பிளேயரில் வேகத்தை மாற்றும் குமிழ் எப்போதோ உடைந்து, பெரிய தட்டின் வேகத்திலேயே நின்றிருந்தது. பெரிய தட்டுகளையே கேட்டுப் பழகியவர்களுக்கு இன்னொரு வேகம் உண்டு என்பதே தெரியாது. தட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் புரியாத மொழியில் நாலு வரியும், ஓரத்தில் '45' என்ற எண்ணும் இருந்தன. நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்கிற எண் அது. லாம்ப் ரூம் ஆளின் கண்ணுக்கு அது தட்டின் நம்பர்.

முள்ளை வைத்தார்கள். கனத்த குரலில் ஓர் ஆண் மெதுவாகப் பாடினார். ஒவ்வொரு சொல்லையும் கல்லைத் தூக்குவது போலத் தூக்கி வைத்தார். கடைசியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள். மாசிலாமணி அண்ணன் பின்னாளில் என்னிடம் சொன்னார்: "பொண்டாட்டியோ புள்ளையோ செத்துப்போன ஆளு பாடறாருன்னு நெனைச்சோம் தம்பி."

அவர் அதை மேல்நாட்டுச் சுரக்குறிப்பான ஸ்டாஃப் நோட்டேஷனில் எழுதினார். எழுதி முடித்த இரண்டாவது வாரம், கீழே சுரங்கத்தின் ஒரு லெவலில் பாறை வெடித்துச் சரிந்தது. லாம்ப் ரூமில் மூன்று ஆணிகள் காலி. அதில் ஒன்று முன்னூத்தி நாப்பத்தொன்னு. அவருடைய சொந்தத் தம்பி முத்து.

உடலை எடுக்க மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் தெருவில் முதல் தடவையாக அந்தப் பாட்டு கேட்டது. செத்தவனின் அண்ணன் முன்னால் நடந்து வாசித்தார். அன்றைக்குத்தான் ஊர் எழுந்து நின்றது. அப்புறம் நிற்பது வழக்கமாகிவிட்டது.

உலகம் சுற்றியது

அந்தப் பாட்டின் உண்மையான பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் உடனே போனில் தேடிக் கேட்பீர்கள். கேட்டவர்கள் சிரித்ததை ஒரு தடவை பார்த்துவிட்டேன்.

கதையை மட்டும் சொல்கிறேன். பின்னாளில் அங்கங்கே படித்துச் சேர்த்தது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இடங்களை விட்டுவிட்டேன்.

ஒரு துறைமுக ஊரில், இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் பாடிய பாட்டு அது. ஒரு கோடைக்கு ஓடியது. பாட்டுப் போட்டிக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றது. அடுத்த கோடைக்குள் அந்த நாடே அதை மறந்துவிட்டது.

வேறொரு நாட்டில், ஆர்கெஸ்ட்ராவுக்குப் பாட்டுகளை மாற்றி எழுதுகிற ஒருவர் ஒரு பெரிய இசைத்தட்டு தயாரித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் மூன்று நிமிஷம் காலியாக இருந்தது. கைவசம் இருந்த பழைய பாட்டுகளில் இதை எடுத்தார். வார்த்தைகளை நீக்கினார். தாளத்தை நீக்கினார். வேகத்தைக் குறைத்தார். முதல் தடவை மெட்டைத் தாழ்ந்த தந்திகளிடம் கொடுத்தார். இரண்டாம் தடவை பியானோ. மூன்றாம் தடவை எல்லா வயலின்களும் ஒன்றாக ஒரு படி மேலே ஏறின. பழைய தலைப்பையும் எடுத்துவிட்டு, மழை சம்பந்தப்பட்ட ஒரு தலைப்பு வைத்தார்.

தட்டு சுமாராக விற்றது. ஆனால் கடல் தாண்டி ஒரு வானொலி நிலையம், தினமும் நிகழ்ச்சிகளை முடிக்கும்போது அந்தக் கடைசித் துண்டைப் போட்டது. இது என்ன இசை என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. அதைத் தனித் தட்டாக அடித்தார்கள். அதன் பிறகு யாராலும் பிடிக்க முடியவில்லை. விமானம் கிளம்புமுன் அதுதான். லிஃப்டில் அதுதான். பல் டாக்டர் அறையில், துணிக்கடையில், தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லும்போது அதுதான். பாடிய பெண்ணின் பெயரை யாரும் கேட்கவில்லை.

அதை ஏன் மெதுவாக்கினீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, வேகம் குறைந்தால் அந்த மெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்பினேன் என்கிற பொருளில் அந்த இசைக்காரர் பதில் சொன்னதாகப் படித்தேன்.

அவர் பார்ப்பதற்குச் சில வருஷம் முன்பே ரீப்ஸில் ஆறு பேர் பார்த்துவிட்டார்கள். உடைந்த குமிழ் ஒன்று பார்க்க வைத்தது.

ஞாயிறு மலர்

ஓட்டல் கூடத்துக்குத் திரும்புகிறேன். அன்று வரவேற்பு மேசையில் கேட்டு, கேசட்டின் உறையை வாங்கி, ஆர்கெஸ்ட்ராவின் பெயரையும் தலைப்பையும் குறித்துக்கொண்டேன். செய்தியாளர் கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்பது நினைவில்லை. அந்த இசையும் எங்கள் நாப்பத்தஞ்சும் ஏதோ ஒரு பழைய இரங்கற்பாட்டிலிருந்து கிளைத்திருக்கும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவோடு நாற்பது வருஷம் போல இருந்துவிட்டேன்.

ஓய்வு பெற்று, தங்கவயலின் கோரமண்டல் பகுதிக்குத் திரும்பி வந்த பிறகு, ஒரு நாள் நான் குறித்து வைத்திருந்த தலைப்பை என் மகள் போனில் தேடி, அந்தத் துறைமுக ஊர்ப் பெண் பாடிய மூலப் பாட்டைப் போட்டாள். துள்ளல். கைதட்டல். பின்னால் யாரோ விசிலடித்தார்கள்.

"அப்பா, இது செம ஜாலியா இருக்கு!"

வேகத்தை முக்காலாகக் குறைக்கச் சொன்னேன். குறைத்தாள். போன் வேகத்தை மட்டும்தான் குறைத்தது; ஷெட்டில் போல ஆண் குரலாகக் கனக்காமல், குரல் பெண் குரலாகவே இருந்தது. ஆனால் நடை, எங்கள் தெருவில் நடந்த நடை.

எனக்குள் எழுந்தது துக்கமில்லை. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். இந்த மாதிரி ஒரு செய்தி நிருபனின் வாழ்வில் இரண்டு மூன்று தடவைதான் கிடைக்கும்.

மாசிலாமணி அண்ணனுக்குப் போன் செய்தேன். எண்பது தாண்டியவர். குரல் கணீரென்று இருந்தது. பிளேயரைப் பற்றி, குமிழைப் பற்றி, பித்தளை வளையத்தைப் பற்றி, காகிதத்தில் இருந்த எண்ணைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொன்றையும் ஆசையாகச் சொன்னார். "இன்னா தம்பி, நம்ம பேண்டப் பத்தி எழுதப் போறியா? எழுது, எழுது. அந்த ஆறு பேர்ல நான் ஒருத்தன்தான் மிச்சம்."

கேள்விகளைக் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் பதில்கள் மாறிவிடும் என்பது நான் படித்த தொழில்.

கட்டுரை ஒரு நாளிதழின் ஞாயிறு மலரில் வந்தது. நான் மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன். தலைப்பு மட்டும், பாட்டின் ஒரு வரியை எடுத்து, அவர்கள் வைத்தது: 'ஐஸ் வாங்கித் தரேன் வா! தங்கவயலின் சாவுப் பாட்டு.' யாரோ ஒருவர் பழைய சவ ஊர்வலப் புகைப்படத்தை எடுத்து, அதன் மேல் அந்தத் துள்ளல் பாட்டை ஒட்டி வீடியோவாக விட்டார். மூன்றே நாளில் எங்கள் ஊரில் அதைப் பார்க்காத போன் இல்லை.

சுஜாதா கேட்டது

மாசிலாமணி அண்ணனின் மகள் சுஜாதா தினமும் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய், ஒரு துணி ஆலையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவள். புதன்கிழமை சாயங்காலம் கோரமண்டல் ஸ்டேஷனிலேயே இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தாள். டிபன் பை தோளிலேயே இருந்தது. உட்காரவில்லை.

"சித்தப்பா, பேப்பர்ல போட்டது நீங்கதானா?"

"நான்தான்மா."

"டிரெயின்ல ஒருத்தி கேக்குறா. இன்னாடி சுஜா, உங்கப்பா டிஸ்கோ மாஸ்டராமே, பொணத்துக்கு ஸ்டெப் போட்டாராமேன்னு. மொத்த பொட்டியும் சிரிக்குது."

"நான் அப்படி எழுதலம்மா. நடந்ததத்தான்..."

"நடந்தது இல்லன்னு யாரு சொன்னா? வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த அவருகிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம் இல்ல? ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பின்னாடி அவருக்குத் தெரியுது. பக்கத்து வீட்டுப் பையன் போன்ல காட்டுறான், தாத்தா தாத்தா உங்க பாட்டுன்னு." தோளில் நழுவிய பையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மூணு நாளா சோத்துல கைய வைக்கல சித்தப்பா. முத்து சித்தப்பா போட்டோவத் திருப்பி வெச்சிட்டாரு."

அன்றைக்கே அந்த நாளிதழுக்குப் போன் செய்தேன். ஒரு விளக்கம் எழுதித் தருகிறேன், போடுங்கள் என்றேன். "சார், கட்டுரையில தகவல் பிழை ஏதாவது இருக்கா?" என்றார் பொறுப்பில் இருந்த இளைஞர். இல்லை என்றேன். "அப்போ எதைத் திருத்துறது?" என்றார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன்.

வரி வரியாக

மறுநாள் ரீப்ஸுக்குப் போனேன். மாசிலாமணி அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பொண்ணு இன்னா பாடுது? வரி வரியா சொல்லு."

"இப்ப எதுக்கு அண்ணே?"

"சொல்லு."

மொழிபெயர்ப்பு என் பையில் இருந்தது. படித்தேன். ஸ்கூட்டரில் ஏறு, கடலுக்குப் போவோம். எலுமிச்சை ஐஸ் வாங்கித் தருகிறேன். நாளைக்கு வேலை இல்லை. நாளை மறுநாளும் வேலை இல்லை. கடைசியில் திரும்பத் திரும்ப வருகிற வரி: இன்னும் ஒரு தரம், இன்னும் ஒரு தரம்.

"அதத்தான் வேண்டுதல்னு நெனைச்சோம்" என்றார்.

நான் போனில் ஆர்கெஸ்ட்ராவைப் போட்டேன். உலகத்தின் பெரிய இசைக்காரர் ஒருவரும் இதை மெதுவாக்கித்தான் வாசித்தார், கோடி ஜனங்கள் கேட்டார்கள், நீங்கள் செய்ததையே அவரும் செய்தார் என்றேன். முழுவதும் கேட்டார். வயலின்கள் படி ஏறிய இடத்தில் அவருடைய வலது கை விரல்கள் முழங்காலின் மேல் தானாக அசைந்தன. பிறகு நின்றுவிட்டன.

"நல்லா கீது" என்றார். "அந்த மனுசனுக்குப் பாட்டு இன்னான்னு தெரியும். தெரிஞ்சிகினுதான் மெதுவாக்கினாரு. எனக்குத் தெரியாது தம்பி. ஐஸ் திங்கக் கூப்புடுற பாட்ட வாசிச்சி முத்துவ அனுப்பிச்சிட்டேன்."

"நாங்க அழுதோமே அண்ணே. அது பொய்யா?"

"அழுதது உங்க அழுகை. வாசிச்சது நான்."

பிறகு எண்களைச் சொல்லத் தொடங்கினார். எண்பத்தாறு, நூத்தி பத்தொம்பது, இருநூத்தி நாலு. பாட்டு யார் யாருக்கு வாசிக்கப்பட்டதோ அவர்களுடைய விளக்கு எண்கள். ஒன்றுகூட மறக்கவில்லை. எல்லா வீட்டுக்கும் போக வேண்டும் என்றார். போய், தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று கேட்க வேண்டும்.

"இதெல்லாம் வேணாம் நைனா" என்று சுஜாதா அழுதாள். அவர் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீடு வீடாக

வழியில் விழுந்துவிடுவாரோ என்று பயந்து சுஜாதா என்னைக் கூடப் போகச் சொன்னாள். மூன்று நாள் போனேன்.

முதலில் ராஜம்மா வீடு. எழுபத்தைந்து வயது. காது மந்தம். "நூத்தி பத்தொம்பது வீடுதானே?" என்று கேட்டுவிட்டு, மாசிலாமணி அண்ணன் கை கூப்பிச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஐஸா?" என்று ராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க வூட்டுக்காரருக்கு ஐஸ்னா உசுரு. நல்லதாத்தான் வாசிச்சிகிறீங்க, போங்க. டீ குடிக்கிறீங்களா?"

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு ராஜம்மா."

"இன்னாத்துக்கு?"

"சொல்லு தாயி."

சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. நாங்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த இரண்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. அதற்கடுத்த வீட்டில் முன்பின் தெரியாத ஒரு கன்னடப் பெண். பழைய குடும்பம் பெங்களூருக்குப் போய்விட்டது, நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம் என்று கன்னடத்தில் சொன்னாள். மாசிலாமணி அண்ணன் அவளிடமே கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டார். அவள் பயந்துபோய், "ஆய்த்து தாத்தா, ஆய்த்து" என்று சரி சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள், எண்பத்தாறின் மகன். ஐம்பது வயது. பெங்களூரில் செக்யூரிட்டி வேலை, அன்று அவனுக்கு விடுமுறை. பல் துலக்கிக்கொண்டே வந்தான்.

"அட, நீங்களா அந்த ஆளு? காமெடி பண்ணாதீங்க பெரியப்பா. அந்த வீடியோவ நானே பத்து குரூப்ல போட்டுட்டேன்."

"பரவால்லபா. உங்கப்பாவுக்கு நான் வாசிச்சது தப்பு. மன்னிச்சேன்னு சொல்லு."

"சரி மன்னிச்சேன், போங்க." நுரையைத் துப்பினான்.

மாசிலாமணி அண்ணன் தலையசைத்தார். ராஜம்மாவுக்கும் அதே தலையசைப்புத்தான், இவனுக்கும் அதேதான். நான்காம் நாள் எனக்கு முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். முழங்கால் வலிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, காலை பத்து மணி வெயிலில், என் வீட்டுக் கேட் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் அவர் மட்டும் நிற்கிறார். தங்கம் பிரித்தபின் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டிலிருந்து பறந்து வரும் சாம்பல் நிற மண் வேட்டி விளிம்பு முழுக்க ஒட்டியிருந்தது. ரீப்ஸிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"உள்ள வாங்க அண்ணே. உக்காருங்க."

வரவில்லை. "அறுநூத்தி ஏழு வீடு இதுதானே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. புரிய நான்கைந்து நொடி ஆனது. என் அப்பாவின் விளக்கு எண் எனக்கு அதுவரை தெரியாது.

கைகளைக் கூப்பினார். "உங்கப்பாவுக்கு நான் வாசிச்சது தப்பு. தெரியாம வாசிச்சிட்டேன். மன்னிக்கணும்." மற்ற வீடுகளில் சொன்ன அதே சொற்கள். அதே வரிசை.

"அண்ணே, நான்தான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும். நான்தானே..."

"அது வேற தம்பி" என்று தடுத்தார். "நீ எழுதுன ஆளு, அது வேற. இப்ப நீ அறுநூத்தி ஏழோட புள்ள. அதுக்கு மட்டும் பதில் சொல்லு."

மன்னித்தேன் என்றால், நடந்தது தப்பு என்று நானும் கையெழுத்துப் போட்டதாகிவிடும். என் அப்பா போன தெரு, அதில் நின்றவர்கள், நான் என் வாழ்க்கையில் முழுசாக அழுத ஒரே தடவை, எல்லாம் தப்பென்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் இவர் நகர மாட்டார். வெயிலில் கூப்பிய கைகளோடு நிற்கிறார். தலையில் துண்டுகூட இல்லை.

"மன்னிச்சிட்டேன் அண்ணே."

தலையசைத்தார். கைகளை இறக்கினார். தண்ணீர் கொடுத்தேன், பாதி குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்தது மைசூர் மைன்ஸ்ல ஒரு வீடு. இப்படிக் குறுக்கால போலாமா?"

"குறுக்கால வேலி போட்டுட்டாங்க. சுத்திதான் போவணும்."

"சரி" என்றார். சுற்றிக்கொண்டு போனார்.